சுருளியம்மாளிடம் எதையும் கேட்காதீர்கள்

"அது எனக்கெங்கிட்டுத் தெரியும்? மேல போயிக் கேளுங்க" என்று சொல்லிவிட்டு, கேட்டவர் முகத்தைக்கூடப் பார்க்காமல், சுருளியம்மாள் தன் முழங்காலுக்குக் கீழே புகையிலைச் சாறும் சுண்ணாம்பும் குழைத்துத் தேய்த்துக்கொண்டிருக்கிறாள். அட்டை ஏறாமலிருக்க இது. கேட்டவர் ஒன்றும் பரம ரகசியத்தைக் கேட்டுவிடவில்லை. குமுளி பஸ் போய்விட்டதா என்றுதான் கேட்டார். பஸ் போய்விட்டது. போகும்போது டிரைவருக்கு அவள் கைகூடக் காட்டினாள். பாவம், அந்த மனிதர் வராத பஸ்ஸுக்காக வண்டன்மேட்டு மழையில் அரைமணி நேரம் நின்றார்.

வீட்டில் எத்தனை பேர் என்று மலேரியாக்காரர் வந்து கேட்டால், "உள்ள பாத்து எண்ணிக்கங்கய்யா" என்பாள். வயிற்றுவலியென்று ஆஸ்பத்திரிக்குப் போனாள். எங்கே வலிக்கிறது என்று டாக்டர் கேட்டதற்கு, "நீங்கதான படிச்சவுக" என்று சொல்லி அவரைத் திகைக்க வைத்தாள். புருஷன் பெரியமுத்து ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோரில் அடுப்பெரிக்கிறவர். என்ன குழம்பு என்று அவர் கேட்பதை விட்டு இரண்டு வருஷம் ஆகிறது. தட்டில் விழுந்தபின் தெரிந்துகொள்கிறார்.

இவள் இப்படிப்பட்டவள் அல்ல என்பதுதான் வேடிக்கை. ஒரு காலத்தில், தோட்டக்காரர்கள் குடியிருக்கும் வரிசை வீடுகளான அந்த லயத்துக்கே அவள்தான் ரேடியோ. யார் வீட்டுப் பெண்ணுக்கு எங்கே மாப்பிள்ளை பார்க்கிறார்கள், கங்காணி மொக்கையன் ஏன் நேற்று முறைத்துக்கொண்டு போனான், கம்பத்தில் அரிசி என்ன விலை, எல்லாம் அவள் வாயிலிருந்துதான் புறப்படும். கேட்காமலே சொல்வாள். கேட்டால் அதற்கு முன்கதையும் சேர்த்துச் சொல்வாள். இப்போது அந்தப் பேச்செல்லாம் ஏலச்செடிகளோடு. சாக்கை மடித்துத் தலையில் கொங்காணி போட்டுக்கொண்டு, தூரடியில் குந்தி, தரையோடு படர்ந்த காய்ச்சரத்தை விரலால் நீவியபடி, "ஏண்டி, இம்புட்டையும் அடியில ஒளிச்சு வச்சிருக்கியே, யாருக்குச் சேத்து வக்கிற?" என்று கேட்பாள். செடி திருப்பி எதுவும் கேட்காது. அதனால்தானோ என்னவோ, அவளுக்கு அதனிடம் பிரியம்.

ஐம்பதை ஒட்டிய வயது. குந்தினால் எழுந்திருக்கமாட்டாள், குந்தியவாக்கிலேயே தூருக்குத் தூர் நகர்ந்து போவாள். விரல்களில் காயின் கறை ஏறி ஏறி, நகக்கண் கறுத்துவிட்டது. கல்யாணத்துக்குப் போனாலும், கருமாதிக்குப் போனாலும் அவள் மேல் ஏலக்காய் வாசனை வீசும். அந்தத் தோட்டத்தில் அவளுக்கு ஈடாகக் காயெடுக்க ஆளில்லை என்று மொக்கையனே ஒப்புக்கொள்வான். அவன் லேசில் எதையும் ஒப்புக்கொள்கிற ஆளல்ல.

நடந்ததைச் சொல்வதற்கு முன் அவர்கள் வேலையின் முறையைச் சொல்லிவிட வேண்டும். காலையில் இடுப்பில் மடிச்சாக்கைக் கட்டிக்கொண்டு பெண்கள் ஏலக்காட்டுக்குள் இறங்குவார்கள். மாலையில் ஸ்டோர் வாசலில் எடை. குறித்த எடை இருந்தால் அன்றைக்கு முழுப்பேர். குறைந்தால் அரைப்பேர்தான், அதாவது அரைநாள் கூலி. கூடுதலாக எடுத்தவளுக்குக் கொஞ்சம் கூடுதலாகக் கிடைக்கும். ஸ்டோருக்கு வரும் வழியில் ஓர் ஓடை. கைகால் கழுவ எல்லாரும் அங்கே இறங்குவார்கள். அந்த இடத்தில்தான் 'நெரவுறது' நடக்கும். நிறைய எடுத்தவள் தன் மடியிலிருந்து ஒரு கை அள்ளி, பக்கத்தில் குறைவாக இருக்கிறவளின் மடியில் போடுவாள். பிள்ளை உண்டானவள், காய்ச்சலில் எழுந்தவள், புருஷன் அடித்து ராத்திரி தூங்காதவள், எல்லாருக்கும் ஏதோ ஒரு நாள் அந்தக் கை தேவைப்படும். போடுகிறவள் வாங்குகிறவள் முகத்தைப் பார்க்கக்கூடாது. வாங்குகிறவள் ஒரு வார்த்தை சொல்லக்கூடாது. யாருக்கு எவ்வளவு என்று மனசில்கூட வைத்துக்கொள்ளக்கூடாது. இதை யார் ஏற்படுத்தினார்கள் என்று அவர்களுக்கே தெரியாது. மொக்கையனுக்கு அரசல்புரசலாகத் தெரியும்; ஓடைக்கு வரும்போது மட்டும் அவனுக்கு பீடி பற்றவைக்க வேண்டியிருக்கும். அதனால் அந்தப்பக்கம் திரும்பி நிற்பான்.

இதில் மூக்கம்மாளின் சங்கதி தனி. மூக்கம்மாளும் சுருளியம்மாளும் புதுப்பெண்களாக ஒரே லாரியில் மலையேறியவர்கள். அடுத்தடுத்த வீடு, ஒரு வீட்டில் கிள்ளிய மிளகாய் மறுவீட்டுக் குழம்பில் விழும். மூக்கம்மாளின் புருஷன் போய்ச் சேர்ந்தபின் அவளுக்கு அந்த வேலையும் அந்த ஒற்றை அறையும்தான். லயத்தில் வீடு வேண்டுமென்றால் தோட்டத்தில் பேர் இருக்க வேண்டும். அவள் கண்ணில் புரை விழத் தொடங்கியது. மரநிழலில் இருட்டிக்கிடக்கும் ஏலக்காட்டில் அவளுக்குச் சரமும் சருகும் ஒன்றாகத்தான் தெரிந்திருக்கும். ஆனால் அவள் ஒப்புக்கொள்ளவில்லை. விளைந்த காயையும் பிஞ்சையும் தொட்டே பிரிப்பாள், சரிதான்; ஆனால் சரத்தைத் தேடிக் கண்டுபிடிப்பதற்குள் மற்றவர்கள் மூன்று தூர் தாண்டிவிடுவார்கள். ஓடையில் அவள் குனிந்து முகம் கழுவும்போது, ஒரு கை, இன்னொரு கை, மடி நிறைந்துவிடும். அதில் பெரும்பாதி சுருளியம்மாளின் கை. எடை முடிந்ததும் மூக்கம்மாள் நிமிர்ந்து நிற்பாள். "பாத்தீகளாடி! கண்ணு மங்குனா என்னா, வெரல்ல கண்ணு இருக்குல்ல! இன்னைக்கும் எட்டிருச்சு!" என்பாள். எல்லாரும் "ஆமக்கா, ஒனக்கென்ன" என்பார்கள். ஒருத்திகூட வாய் தவறிச் சிரித்ததில்லை.

இந்த நிலையில், எழுபத்துநாலாம் வருஷத்து மழைக்காலத்தில், ரத்தினசாமி வந்து சேர்ந்தான்.

பொள்ளாச்சியை ஒட்டிய சித்தூர்ப் பக்கம் பெருமாட்டியில் தென்னந்தோப்பும் வயலும் உள்ள குடும்பத்துப் பிள்ளை. டாக்டர் பட்டத்துக்கு ஆராய்ச்சி. வேலை செய்கிற இடத்தில் மனிதர்கள் எப்படி நடந்துகொள்கிறார்கள், கூலிக்காக மட்டும் உழைக்கிறார்களா, வேறு எதற்காகவும் உழைக்கிறார்களா என்பது அவனுக்குத் தெரிய வேண்டும். முதலாளியிடம் அனுமதி வாங்கிக்கொண்டு, முழுக்கால் சட்டையோடு ஏலக்காட்டில் இறங்கி, முதல் நாளே அட்டைகளுக்குப் பெரிய விருந்து வைத்தான். நல்ல பிள்ளை. வந்த சில நாட்களிலேயே ஒன்றைக் கவனித்தான். காட்டுக்குள் ஒருத்தி குதிரையாய்ப் போகிறாள், ஒருத்தி ஊர்ந்து போகிறாள். ஆனால் சாயங்காலம் தராசில் யாரும் குறைவதில்லை. இது எப்படி? மொக்கையனைக் கேட்டான். "எல்லாம் சாமி புண்ணியம்" என்றான் மொக்கையன். பெண்களைக் கேட்டான். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நகர்ந்துவிட்டார்கள்.

அப்புறம் சுருளியம்மாளின் பக்கத்தில் வந்து குந்தினான்.

"ஏனுங்கக்கா, உங்களுக்குச் சிரமமில்லீன்னா ஒண்ணு கேக்கோணுமுங்க."

சுருளியம்மாள் சுற்றிப் பார்த்தாள். தனக்குப் பின்னால் யாரோ பெரிய மனுஷி நிற்கிறாள் என்று நினைத்தாள். யாருமில்லை. அந்த 'ங்க' அவளுக்குத்தான். அவளுடைய ஐம்பது வயதில், புருஷன் 'ஏ இவளே' என்று கூப்பிட்டிருக்கிறார். மொக்கையன் 'ஏ கெழவி' என்பான். தோட்டத்தை நிர்வகிக்கிற சூப்பிரண்டு அவளைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதுகூட இல்லை. 'வாங்க, உட்காருங்க, சொல்லுங்க' என்று சட்டை போட்ட ஒருவன் அவளோடு பேசியதே இல்லை. அவன் மறுநாளும் வந்தான். "நீங்க சாப்பிட்டீங்களாக்கா?" என்றான். அவன் கணுக்காலில் ஒட்டியிருந்த அட்டையை அவள் சுண்ணாம்பு வைத்து எடுத்தபோது, "உங்க கைக்கு நோகாதுங்களா" என்றான். அட்டை எடுக்கிறவள் கைக்கு நோகுமா என்று கேட்ட மனிதன் இந்த மலையில் அவன் ஒருத்தன்தான் இருப்பான்.

"மத்தவங்க யாரும் சொல்லமாட்டீங்கறாங்க. உங்களாட்டம் வெவரமானவங்க சொன்னாத்தானுங்க எனக்குப் புரியும்" என்று அவன் சொன்ன அன்று, சுருளியம்மாள் சொல்லிவிட்டாள்.

சொன்னதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் கேட்கிறவன் கண் விரிய விரிய, சொல்கிறவளுக்கு வாய் நிற்குமா? நிரவுவதைச் சொன்னாள், முகம் பார்க்கக்கூடாது என்பதைச் சொன்னாள், கடைசியில், பந்தியில் பாயசம் ஊற்றுகிற மாதிரி, மூக்கம்மாளையும் சொன்னாள். "அதுக்கே தெரியாமப் போடுவோம்ல தம்பி! இன்னைய வரைக்கும் அது தானா எட்டுறதாத்தான் நெனச்சுக்கிட்டிருக்கு!" இதைச் சொல்லும்போது அவளுக்கு எவ்வளவு பெருமை என்றால், அன்று ராத்திரி பெரியமுத்துவிடம், "அந்தப் படிச்ச புள்ள எங்கிட்டத்தான் எல்லாம் கேட்டுச்சு" என்று இரண்டு தடவை சொன்னாள்.

ரத்தினசாமி ஊருக்குப் புறப்படும் நாளில் ஸ்டோர் வாசலில் எல்லாருக்கும் தன் செலவில் டீயும் பழம்பொரியும் வாங்கிக் கொடுத்தான். சூப்பிரண்டும் வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். அவருக்கு நன்றி சொல்ல எழுந்தவன் உற்சாகத்தில் எதிரே யார் யார் நிற்கிறார்கள் என்பதை மறந்தான்.

"உங்க எஸ்டேட்டுல ஒரு அதிசயம் இருக்குதுங்க சார். நான் படிச்ச எந்தப் புஸ்தகத்துலயும் இப்படி இல்லீங்க. வேகமா எடுக்கறவங்க மெதுவா எடுக்கறவங்களுக்குக் காய நெரவிக் குடுக்கறாங்க. ஒருத்தரும் கேக்காமயே! இங்க மூக்கம்மாக்காவுக்குக் கண்ணு தெரியறதில்லீங்க. இத்தன வருசமா இவங்க போட்டுத்தான் அந்தக்கா எடை எட்டுது. அதுவும் அந்தக்காவுக்கே தெரியாம! என்ன மனசுங்க சார் இது! சுருளியம்மாக்கா சொல்லலீன்னா எனக்கு இது தெரிஞ்சே இருக்காதுங்க."

சூப்பிரண்டு கைதட்டினார். "கொள்ளாம், கொள்ளாம்" என்று தன் மலையாளத்தில் மெச்சினார். எல்லார் கண்ணும் சுருளியம்மாள் பக்கம் திரும்பியது. அவள் சிரித்தாள். ஒரு விநாடிதான், தலையைக் குனிந்துகொண்டு, மேடையேற்றி மாலை போட்டவளைப் போலச் சிரித்தாள். அப்புறம்தான் டீ டிரம்முக்குப் பக்கத்தில் கிளாஸைப் பிடித்தபடி நிற்கிற மூக்கம்மாளைப் பார்த்தாள். மூக்கம்மாளின் கண்ணுக்கு அந்தச் சிரிப்பு தெரிந்திருக்காது. மற்றவர்களுக்குத் தெரிந்தது. சொன்னதற்குக்கூடத் தன்னை மன்னித்துவிடுவாள் சுருளியம்மாள். அந்தச் சிரிப்புக்கு மன்னிக்கமாட்டாள்.

லயத்துக்குத் திரும்பும் வழியில், ஓடையில், மூக்கம்மாள் அவள் கையைத் தடவிப் பிடித்தாள்.

"எத்தன வருசமாடி?"

சுருளியம்மாள் ஓடைத் தண்ணீரைப் பார்த்துக் குனிந்துகொண்டாள்.

"எட்டிருச்சு எட்டிருச்சுன்னு நான் பீத்துறப்பல்லாம், நீங்க பூராப் பேரும் எம்பின்னாடி நின்னு சிரிச்சீகளாக்கும்?"

"இல்லக்கா. ஆத்தா மேல ஆணை. ஒருத்தியும் சிரிக்கலக்கா."

"சிரிச்சிருந்தாலும் தேவலடி. பாவம்னு நெனச்சிருக்கீக."

அவ்வளவுதான். சண்டையில்லை, மண்ணை வாரித் தூற்றவில்லை. தூற்றியிருந்தால் நான்கு நாளில் எல்லாம் ஆறிப்போயிருக்கும். பெண்கள் சண்டையை ஆற்றும் வழி லயத்தில் எல்லாருக்கும் தெரியும். இதை ஆற்ற யாருக்கும் வழி தெரியவில்லை.

கைதட்டிய சூப்பிரண்டு சும்மா இருக்கவில்லை. வேகமாக எடுக்கிறவள் அள்ளிக் கொடுக்கிறாள் என்றால் இன்னும் எடுக்க அவளால் முடியும். மெதுவாக எடுக்கிறவள் வேலை செய்யாமல் முழுப்பேர் வாங்குகிறாள். அவருக்குப் புரிந்தது இவ்வளவுதான். அடுத்த திங்கட்கிழமை, கொக்கியில் மாட்டும் தராசைத் தோளில் போட்டுக்கொண்டு மொக்கையன் ஏலக்காட்டுக்குள்ளேயே வந்துவிட்டான். நிரை முடிகிற இடத்திலேயே அவரவர் மடி, அவரவர் எடை. ஓடை வரை எதுவும் போகாது. அவனுக்கும் அது பிடிக்கவில்லை. தராசைப் பிடித்தபடி யார் முகத்தையும் பார்க்காமல் எடையைச் சொன்னான்.

மூக்கம்மாளுக்கு அரைப்பேர். மறுநாளும் அரைப்பேர். பெண்கள் மொக்கையனிடம் கெஞ்சினார்கள். சுருளியம்மாள் சூப்பிரண்டின் பங்களா வாசலில் ஒரு பகல் முழுக்க நின்றாள். அவர் பின்வழியாக ஜீப்பில் போய்விட்டார். ஆனால் மூக்கம்மாளைத் தோட்டம் வேலையிலிருந்து கழிக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். அரைப்பேரோடு அவள் இருந்திருக்கலாம். அவளுக்கு இருக்கப் பிடிக்கவில்லை. எடைக்கு நிற்கும்போதெல்லாம் தன் உண்மையான எடையை எல்லாரும் கேட்கும்படி மொக்கையன் சொல்ல, அவள் அதைக் கேட்க வேண்டியிருந்தது. பேரை அடித்துவிடச் சொல்லிவிட்டு, மூட்டை கட்டிக்கொண்டு, குமுளியில் தம்பி வீட்டோடு போய்விட்டாள். மூட்டையைத் தூக்கிவிட வந்த சுருளியம்மாளிடம், "வேணாம், கனமில்ல" என்றாள்.

அதற்குப் பிறகு அந்தப் பெண்கள் நிரவுவதற்கு வேறு ஏதோ வழி கண்டுபிடித்துவிட்டார்கள். பிள்ளை உண்டாகியிருந்த அன்னமேரிக்கு ஒருநாளும் அரைப்பேர் விழவில்லை, அதிலிருந்தே தெரிகிறது. ஆனால் என்ன வழி என்று சுருளியம்மாளுக்கு யாரும் சொல்லவில்லை. அவள் வந்தால் பேச்சு நின்றுவிடும். அவளும் தெரிந்துகொள்ள முயல்வதில்லை. எல்லாருக்கும் முன்னால், திரும்பிப் பார்க்காமல் எடுத்துக்கொண்டே போவாள். தெரிந்தால்தானே வாயில் வரும் என்று நினைக்கிறாளோ என்னவோ.

வெந்த புண்ணில் வேலைப் பாய்ச்சிய புண்ணியம் மொக்கையனுடையது. மாடு பிடிக்கப் பொள்ளாச்சிச் சந்தைக்குப் போய் வந்தவன், "ஏ கெழவி, அந்த ஊருப்பக்கம் எல்லாரையுமே அப்பிடித்தான் பேசுறாய்ங்க. கன்னுக்குட்டியக்கூட 'வாங்க சாமி, தண்ணி குடிங்க'ங்கறாய்ங்க. நீ என்னமோ ஒனக்குன்னு நெனச்சுப்பிட்ட" என்று சிரித்தான். சுருளியம்மாள் அன்றைக்குச் சாப்பிடவில்லை. ரத்தினசாமி தன்னிடம் ஒரு மரியாதையைக் காட்டி, அதற்கு விலையாகத் தோழியை வாங்கிக்கொண்டான் என்று அதுவரை நினைத்திருந்தாள். விலையே இல்லாத பொருளுக்கு விற்றிருக்கிறோம் என்பது அன்றுதான் தெரிந்தது.

போன வருஷம் ரத்தினசாமி டாக்டர் பட்டம் வாங்கிய சந்தோஷத்தில் ஒரு டப்பா இனிப்போடு வந்தான். ஒரு கல்லூரியில் வாத்தியார் வேலையாம். எல்லாருக்கும் கொடுத்துவிட்டு, "ஏனுங்கக்கா, மூக்கம்மாக்கா எங்கீங்க? கண்ணுல காணோம்?" என்று கேட்டான்.

"தெரியாதுங்க" என்றாள் சுருளியம்மாள்.

அவன் போனபின் பெரியமுத்து, "அந்தப் பய மூஞ்சியில நாலு வார்த்த கேக்காம விட்டுட்டியே" என்று பொருமினார். "அந்தப் புள்ள மேல என்ன குத்தம்? கேக்குறது அதுக்கு வேல. சொன்னது யாரு?" என்று அடுப்பைப் பார்த்துச் சொன்னாள். சமீபத்தில் அவள் ஒரு கேள்விக்கு நேராகப் பதில் சொன்னது அதுதான்.

ஞாயிற்றுக்கிழமைகளில் குமுளிக்குப் போகிறாள். கம்பம் பஸ் வந்து திரும்புகிற இடத்தில், சாக்கை விரித்து, எலுமிச்சம்பழத்தை ஐந்தைந்தாகக் கூறு கட்டி வைத்துக்கொண்டு மூக்கம்மாள் உட்கார்ந்திருக்கிறாள். கண் இப்போது அநேகமாக இல்லை. தான் காய்ச்சலில் கிடந்து எழுந்தபின் முதல் தடவையாகப் போன ஞாயிறு சுருளியம்மாள் போனாள்.

"என்னாக்கா, நல்லாருக்கியா?"

"இருக்கேன். ஒனக்கு எத்தன கூறு வேணும்?"

"ரெண்டு குடுக்கா. ஒடம்பு எப்பிடி இருக்கு?"

"ரெண்டா? இந்தா, பைய விரி."

வாங்கிக்கொண்டாள். காசைக் கொடுத்தாள். கம்பம் பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு வந்து திரும்ப, மூக்கம்மாள் புகைக்கு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அந்த நேரம் பார்த்து, பையிலிருந்து ஒரு பழத்தைச் சத்தமில்லாமல் எடுத்து, சாக்கின் ஓரத்துக் கூறோடு சேர்த்து வைத்துவிட்டுச் சுருளியம்மாள் எழுந்தாள்.

பஸ் போனது. மூக்கம்மாளின் விரல்கள் கூறு கூறாகத் தடவிக்கொண்டு வந்தன. ஓரத்துக் கூறில் நின்றன. மறுபடி ஒருமுறை தடவின. பிறகு அதிலிருந்து ஒரு பழத்தை எடுத்து, சற்றுமுன் குரல் வந்த திசையில் கையை நீட்டினாள். சுருளியம்மாள் வாங்கிக்கொள்ளும்வரை அந்தக் கை நீட்டியபடியே இருந்தது.